நின்றால் போதும்

9 செப்டம்பர் 1951
கிளப் விடுதி, மாடி அறை

மச்சான்,

இது மூணாவது கடிதம். முதல் ரெண்டையும் கிழிச்சுப் போட்டேன். இதையும் கிழிக்கறதுக்குள்ள தபால் பெட்டியில போட்டுடணும்னு செருப்பை மாட்டிக்கிட்டே எழுதறேன்.

இங்க வந்து மூணு மாசம் ஆச்சு. நாலு பேர், நாலு கட்டில், ஒரே ஜன்னல். சுவரெல்லாம் ஈரம், பூட்ஸ் காய ரெண்டு நாள் ஆகுது. கிளப் வீடு தர்ற வரைக்கும் உன் தங்கச்சியைக் கூட்டிட்டு வர முடியாது. அவ ஒண்ணும் சொல்லலை. ஆனா கடிதத்துல என் பேச்சை விட உன் பேச்சுதான் ஜாஸ்தி இருக்கு.

ஆறு மேட்ச், ஒன்பது கோல். பேப்பர்ல பார்த்திருப்பே. ‘பசி’ங்கிற பேர் எனக்கு முன்னாடியே இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கு, முதல் நாளே கேலரியில இருந்து அதைச் சொல்லித்தான் கத்தினாங்க. ஆனா அந்த ஒன்பதுல ஏழு, நான் கூட்டத்துக்குள்ள புகுந்து பிடுங்கினது. இங்க இடது ஓரத்துல ஆடறவன் நல்ல வேகம். பந்தை என் காதுக்கு அனுப்பறான். நெத்திக்கு அனுப்ப உன்னை விட்டா ஆள் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு கோபம் இருக்கும். வந்தேன் மச்சான். படி வரைக்கும் வந்தேன். பார்வை நேரம் முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. மறுநாள் வரலாம்னு இருந்தேன். மறுநாள் புது கிளப்புக்காக டாக்டர் பரிசோதனை, கையெழுத்து, போட்டோன்னு போயிடுச்சு.

அந்த செமிஃபைனல் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. எதிரணி ஆள் உன் முட்டி மேல விழுந்தப்ப வந்த சத்தம் எனக்குக் கேட்டுது. ஒருத்தன் விழுந்தா பதிலுக்கு ஆள் இறக்க விதியில்லை. பத்துப் பேரா ஆடணும், இல்லைன்னா அடிபட்டவனே திரும்ப வரணும். இடைவேளைக்கு அப்புறம் நீ வந்தே. கோட்டுக்கிட்ட ஒத்தைக் கால்ல நின்னே. நீ நின்னதால அவங்க ஆள் ஒருத்தன் உன் பக்கத்துலயே நிக்க வேண்டியதாச்சு. அந்த இடைவெளியிலதான் கடைசி பத்து நிமிஷத்துல நான் உள்ள போனேன். அந்த கோல்ல பாதி உன்னோடது.

டிரெயினர் உன்னைத் திரும்ப அனுப்பியிருக்கவே கூடாது. எத்தனை முட்டியைத் தேய்ச்சுவிட்டவர், அவருக்கா தெரியாது? கேப்டன்னு நானும் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துல யாருக்கு என்ன தோணும்.

ரெண்டு வரி எழுது.

பசி


2 அக்டோபர் 1951
குவாரி எடை மேடை

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். முட்டி மடங்காது. இனிமேலும் மடங்காது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று முதல் கல் குவாரி எடை மேடையில் எழுத்தர் வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். உள்ளேயிருந்து முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். போகும்போது ஒரு எடை, கல் ஏற்றி வரும்போது ஒரு எடை. அறை ஆறடிக்கு ஐந்தடி. காலை நீட்டிக்கொள்ள மேசையின் ஒரு பக்கப் பலகையை அறுத்துத் தந்திருக்கிறார்கள். பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். அது எனக்கு ஏற்ற வேலை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

டிரெயினரை இரண்டு முறை தெருவில் பார்த்தேன். இரண்டு முறையும் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். பதினாறு வயதிலிருந்து என் காலைப் பிடித்துப் பார்த்தவர். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். தாங்கள் அதை எழுதாமல் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்ததுதான்.

இனி கோல் கணக்கு எழுத வேண்டாம். பேப்பரில் போடுகிறார்கள். தங்கைக்கு வீடு பார்த்ததும் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
எடை மேடை எழுத்தர்


22 மார்ச் 1953

மச்சான்,

ஒன்றரை வருஷம் பொறுத்துட்டேன். நீ ‘தாங்கள்’னு எழுதினதை இன்னும் மறக்க முடியலை. என்னைக் கெட்ட வார்த்தையில திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

உன் தங்கச்சி நல்லா இருக்கா. டிராம் பாதை ஓரத்துல வீடு. டிராம் போனா தட்டு, டம்ளர் எல்லாம் பேசும். பாப்பா அந்தச் சத்தம் இல்லைன்னா தூங்க மாட்டேங்கறா. மூக்கு உன்னோடது. வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

கோல் கணக்கு எழுதாதேன்னு சொன்னே. எழுத ஒண்ணும் இல்லை. போன சீசன் முப்பத்திநாலு. இந்தக் குளிர்காலத்துக்கு அப்புறம் எட்டு மேட்ச் ஆச்சு, ஒண்ணு கூட இல்லை. தலையில பட்டா மேல போகுது, கால்ல பட்டா கோல்கீப்பர் கைக்குப் போய் உட்காருது. மேனேஜர் முன்ன எல்லாம் தோள்ல கை போடுவார். இப்ப தூரத்துல நின்னு கடிகாரம் பார்க்கறார். கேலரியில ‘பசி அடங்கிடுச்சு’ன்னு கத்தறாங்க. பயிற்சி முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நான் மட்டும் சுவத்துல பந்தை அடிச்சுக்கிட்டு இருக்கேன். கழுத்து வலி தாங்கலை. மழையில நனைஞ்ச தோல் பந்து எவ்வளவு கனம்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். நீ ஓரத்துல இருந்து பந்தைத் தூக்கறப்ப எதைப் பார்ப்பே? நான் எங்க வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷம் சேர்ந்து ஆடினோம், ஒரு நாளும் கேட்கத் தோணலை.

பதில் போடலைன்னாலும் சரி.

பசி


5 ஏப்ரல் 1953
குவாரி

மாப்பிள்ளை,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் இருந்தும் பார்த்தேன். பந்தைப் பற்றி என்னிடம் யாரும் ஒன்றரை வருடமாக எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் முட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

நான் உன்னுடைய இடது தோளைப் பார்ப்பேன். நீ ஓடத் தொடங்குவதற்கு முன்னால் அந்தத் தோள் ஒரு விரல் அளவு கீழே இறங்கும். எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறதோ அந்தப் பக்கம் நீ வருவாய். அது உனக்கே தெரியாது. உன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கோல்கீப்பரை ஏமாற்ற நீ முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாய். உன் முகம் பொய் சொல்லும்.

அங்கே ஓரத்தில் ஆடுகிறவன் உன் முகத்தைப் பார்க்கிறான் என்று நினைக்கிறேன். வாசகசாலையில் எட்டு மேட்ச் விவரத்தையும் எடுத்து வாசித்தேன். எல்லாவற்றிலும் பந்து உனக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. இன்னொன்று. நீ கோலுக்கு ரொம்பப் பக்கத்தில் போய்க் காத்திருக்கிறாய். கோல் வராதவன் எல்லோரும் செய்கிற காரியம் அது. நான்கு அடி பின்னால் நில். பசி என்று பேர் வைத்தோம் என்பதற்காகத் தட்டுக்குள்ளேயே போய் உட்கார வேண்டாம்.

அவனிடம் தோளைப் பார்க்கச் சொல். யார் சொன்னது என்று சொல்ல வேண்டாம்.

மருமகள் மூக்கு பற்றி எழுதியிருந்தாய். எங்கள் மூக்கு உள்ளவர்கள் யாரும் சோடை போனதில்லை.

நூல்


14 நவம்பர் 1953

மச்சான்,

‘நூல்’னு கையெழுத்துப் போட்டிருந்தே. உன் தங்கச்சி அதைத்தான் முதல்ல பார்த்தா. கோட்டு மேல நூல் பிடிச்ச மாதிரி ஓடுறவன்னு டிரெயினர் வெச்ச பேர் அது. ஏழு மாசமா அந்தக் கடிதம் பூட்ஸ் பெட்டியில இருக்கு.

நீ சொன்ன மாதிரியே ஆச்சு. தோளைப் பார்க்கச் சொன்னதும் அவன் சிரிச்சான். அடுத்த மேட்ச்ல மூணு. இந்த சீசன் பதினாலு மேட்ச்ல பத்தொன்பது. தேசிய அணிக்குப் பேர் அடிபடுது. பேப்பர்காரன் வந்து ரகசியம் என்னன்னு கேட்டான். உழைப்புன்னு சொல்லி வெச்சேன். நீதான் சொல்ல வேண்டாம்னே. இருந்தாலும் அச்சுல பார்த்தப்ப ஒரு மாதிரி இருந்துது.

இன்னொரு விஷயம். நம்ம பழைய கிளப்ல இருந்து ஒருத்தர் எழுதியிருந்தார். டிரெயினருக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில இருக்காராம். நீ போய்ப் பார்த்தா நல்லா இருக்கும். பழசை எல்லாம் பேசணும்னு அவசியம் இல்லை. அவருக்கும் உடம்பு முடியாத நேரம், எதையாவது மாத்திப் பேசினாலும் பேசுவார். சும்மா பார்த்துட்டு வந்துடு. முடியலைன்னா விடு.

பசி


24 ஜனவரி 1954
குவாரி

மாப்பிள்ளை,

டிரெயினர் வியாழக்கிழமை இறந்துவிட்டார்.

நான் போகவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பினார். முதல் முறை நம் கிளப்பில் பூட்ஸ் தைக்கிறவர் வந்தார். இரண்டாவது முறை அவர் வீட்டம்மாவே மேடைக்கு வந்தார். லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அந்த அம்மா ஓரமாக நின்று, "உங்களை ஒரு தடவை பார்க்கணும்னு சொல்றார்" என்றார். வேலை முடிந்ததும் வருகிறேன் என்றேன். போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேதான் அதைச் சொன்னேன்.

சனிக்கிழமை சவ வண்டி குவாரி சாலை வழியாகத்தான் போனது. பின்னால் நாற்பது ஐம்பது பேர். பழைய ஆட்டக்காரர்கள் பலரும் இருந்தார்கள். லாரி டிரைவர் இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் எழுந்து நிற்கவில்லை. இந்தக் காலோடு எழுந்து நிற்க எனக்கு நேரம் பிடிக்கும், ஆனால் காரணம் அது இல்லை. என்னைத் திரும்ப உள்ளே அனுப்பியவருக்காக எதற்கு எழ வேண்டும் என்று இருந்தது.

வண்டி போன பிறகு அந்த லாரியின் எடையைத் தப்பாக எழுதியிருக்கிறேன். அன்று மாலையே கண்டுபிடித்துத் திட்டினார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

நூல்


17 ஆகஸ்ட் 1956

மச்சான்,

ரெண்டரை வருஷமா உனக்கு ஒழுங்கா எழுதலை. உன் தங்கச்சி எழுதறாளே, போதும்னு இருந்துட்டேன். போதாதுன்னு எனக்கே தெரியும். பேனாவை எடுத்தா நீ கடைசியா எழுதினது கண்ணு முன்னாடி வந்து நிக்குது. மூடி வெச்சுடறேன்.

தேசிய அணிக்கு ஆடினேன்னு பேப்பர்ல பார்த்திருப்பே. ஒரே ஒரு மேட்ச். மூணு நாள் ரயில்ல போய், தொண்ணூறு நிமிஷம் ஓடி, ஒரு பந்து கம்பத்துல பட்டுத் திரும்பிச்சு. மூணு நாள் ரயில்ல திரும்பி வந்தேன். அப்புறம் கூப்பிடலை.

இப்ப என்னை வித்துட்டாங்க. பேப்பர் பார்த்துத்தான் எனக்கே தெரியும். பயிற்சிக்குப் போனா என் கொக்கியில வேற ஒருத்தன் சட்டை தொங்குது. அஞ்சு வருஷம், நூத்தி அறுபத்தி ரெண்டு கோல். மேனேஜர் கை குலுக்கினார், அவ்வளவுதான். இப்ப இருக்கறது ரெண்டாவது டிவிஷன் கிளப். மைதானத்துக்குப் பக்கத்துல சோப்புத் தொழிற்சாலை. காத்து அந்தப் பக்கம் இருந்து அடிச்சா கண் எரியும். ரெண்டு முட்டியிலயும் மாசத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுத் தண்ணி எடுக்கறாங்க. கிண்ணத்துல மஞ்சளா இருக்கும். காலையில படி இறங்கறப்ப கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கறேன். பாப்பா எனக்கு முன்னாடி இறங்கிட்டு, "வாங்கப்பா, வாங்கப்பா"ன்னு கூப்பிடறா. முப்பத்தி மூணு வயசு.

சனிக்கிழமை வந்தா எப்படியோ ஓடிடறேன். கோலும் வருது. அதுதான் எனக்கும் புரியலை.

உனக்கு ஒண்ணு எழுதணும். இன்னைக்கு வேண்டாம்.

பசி


9 செப்டம்பர் 1956
குவாரி

மாப்பிள்ளை,

முட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துவிட்டு அதே வாரம் ஆடுகிறவனை என்ன சொல்வது. எனக்கு ஒன்றுதான் போனது. நீ இரண்டையும் கொடுத்துவிட்டு வருவாய் போலிருக்கிறது. நிறுத்து. கோல் வருகிறது என்று சொல்லிச் சொல்லியே உன்னை ஓட்டுகிறார்கள்.

போன வாரம் ஒரு புது டிரைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகமா இருக்கே என்றார். தினமும் இதே ஜன்னலில்தான் பார்க்கிறீர்கள் என்றேன். இல்லை இல்லை, மைதானத்தில் என்றார். அது என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார். சும்மா இருக்கிறார் என்றேன்.

ஏதோ எழுத வேண்டும் என்றாய். தோன்றும்போது எழுது. நான் எங்கேயும் போகப் போவதில்லை.

நூல்


20 மே 1959

மச்சான்,

கிளப் என்னை விட்டுட்டாங்க. இனி எந்தக் கிளப்பும் இல்லை. எல்லாம் சேர்த்து நானூத்திப் பன்னிரண்டு கோல்னு ஒரு பேப்பர்ல கட்டம் கட்டிப் போட்டிருந்தான். அதைப் பத்தி எழுத உட்காரலை.

போன வாரம் வீடு மாத்த சாமான் கட்டினோம். பூட்ஸ் பெட்டியில இருந்த உன் கடிதத்தை எல்லாம் உன் தங்கச்சி எடுத்து வாசிச்சா. டிரெயினர் செத்தப்ப நீ எழுதினியே, அதை ரெண்டு தடவை வாசிச்சா. "அண்ணன் மனசு இவ்வளவு கல்லு இல்லையே. பெரியவர் அப்படி என்ன செஞ்சார்?"னு கேட்டா. நான் கயித்தைக் கட்டிக்கிட்டே இருந்தேன். அவ திரும்பவும் கேட்டா. சொல்லிட்டேன்.

முழுசாக் கேட்டா. அப்புறம் எழுந்து போய் பாப்பாவோட படுத்துக்கிட்டா. நாலு நாள் என்கிட்ட பேசலை. அஞ்சாவது நாள், "அண்ணனுக்கு நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதுங்க"ன்னு சொன்னா.

எழுதறேன்.

அன்னைக்கு இடைவேளையில உன்னை பெஞ்சுல படுக்க வெச்சிருந்தாங்க. நீ கண்ணை மூடிக்கிட்டு இருந்தே. டிரெயினர் உன் முட்டியைத் தொட்டுப் பார்த்துட்டு, வாளியைக் கையில எடுத்துக்கிட்டு என்னை வெளிய கூப்பிட்டார். கதவுக்கு வெளிய, அந்தக் குறுகலான நடையில வெச்சுச் சொன்னார். "இவன் காலை வெச்சா முட்டி போயிடும். இவன் இன்னைக்கு எழுந்திருக்கக் கூடாது." நான், ஓட வேண்டாம், சும்மா நிக்கட்டும்னேன். அவர் தலையை ஆட்டினார். "நிக்கவும் கூடாது. நான் சொல்ல மாட்டேன். நீ கேப்டன், உன் இஷ்டம். ஆனா என் வாயால சொல்ல மாட்டேன்"னார்.

நான் உள்ள வந்தேன். உன் பக்கத்துல குனிஞ்சு, "டிரெயினர் சொல்றார், நீ நின்னா போதுமாம்"னு சொன்னேன்.

நீ அவரைத் தேடினே. அவர் உள்ள வரவே இல்லை. வெளியவே வாளியோட நின்னுக்கிட்டு இருந்தார். நீ எழுந்தே.

பெரிய கிளப்போட ஆள் அன்னைக்குக் கேலரியில வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முதல் நாளே தெரியும். முதல் பாதியில நான் ஒண்ணும் செய்யலை. ஒரு கோல் வேணும்னு இருந்துது. அவ்வளவுதான் காரணம். அணி, ஊரு, கப்புன்னு எதையாவது சேர்த்துச் சொல்லலாம்னு பார்த்தேன், எதுவும் ஒட்டலை.

அதுக்கப்புறம் உனக்கு எழுதின முதல் கடிதத்துலயே அவர் மேல போட்டேன். யோசிச்சுப் போடலை. எழுதறப்பவே பேனா அந்தப் பக்கம் போயிடுச்சு. நீ அவரை நம்பாம ஆனதும், அதைத் திருப்ப எனக்கு வழி தெரியலை. அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, உன்கிட்ட சொல்லிடுவாரோன்னு பயந்தேன். மாத்திப் பேசுவார்னு எழுதினேன் பாரு, அது அந்தப் பயம்தான். நீ போகலைன்னு எழுதினதும் எனக்கு நிம்மதியா இருந்துது மச்சான். அதையும் எழுதித்தான் ஆகணும்.

மன்னிப்பு கேக்க எனக்கு யோக்கியதை இல்லை. தெரிஞ்சுக்கோன்னுதான் எழுதறேன்.

பசி


3 பிப்ரவரி 1960

மச்சான்,

பதில் வரும்னு எதிர்பார்க்கலை. எட்டு மாசம் ஆச்சு.

லீவுக்கு அவளும் பாப்பாவும் உன் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பினாங்க. நீ பாப்பாவை எடை மேடையில நிக்க வெச்சு எடை பார்த்தியாம், முள்ளு அசையவே இல்லைன்னு சொல்லி இன்னும் சிரிக்கறா. என்னைப் பத்திக் கேட்டாரான்னு உன் தங்கச்சியைக் கேட்டேன். "கேக்கலை. நானும் சொல்லலை"ன்னா. என்கிட்ட பேசறா. தேவைக்குப் பேசறா.

எனக்கு ஒரு துணிக்கடையில வேலை. வாசல்ல நிக்கணும். உள்ள வர்றவங்களுக்குக் கை குலுக்கணும். முதல் மாசம் நாலு பேர் கையெழுத்து வாங்கினாங்க. இப்ப குடையை என் கையில குடுத்துட்டு உள்ள போறாங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கறது. ஸ்டூல் கேட்டேன். வாசல்ல உட்கார்ந்திருந்தா நல்லா இருக்காதுன்னு முதலாளி சொல்லிட்டார். சாயங்காலம் ஆனா முட்டி ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிடுது.

புகார் சொல்றதுக்கு எழுதலை. எழுதாம இருக்க முடியலை, அவ்வளவுதான்.

பசி


6 நவம்பர் 1960
குவாரி எடை மேடை

மாப்பிள்ளை,

போன வருடம் நீ எழுதிய கடிதத்தை நான் முதலில் ஒரே முறைதான் வாசித்தேன். பிறகு மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சாவியை வீட்டில் வைத்துவிட்டு வருவேன். இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. கோபம் தீர்ந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். தீரவில்லை. இனி தீரும் என்றும் தோன்றவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

காலுக்காக இல்லை. நீ உண்மையைச் சொல்லி, "கேலரியில் ஆள் வந்திருக்கிறான், எனக்காக நில்லு" என்று கேட்டிருந்தாலும் நான் நின்றிருப்பேன். இருபத்தொன்பது வயது, அப்படிப்பட்ட புத்திதான் இருந்தது. இப்போது அதை நினைத்தால் உன்மேல் வருவதைவிட என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

அந்த மனிதரைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அவர் என்னிடம் ஆள் அனுப்பினார். எதைச் சொல்ல நினைத்தார் என்று ஒரு வருடமாக யோசித்தேன். உன்னைப் பற்றிச் சொல்ல அழைத்திருக்க மாட்டார். சொல்ல நினைத்திருந்தால் முதல் வருடமே சொல்லியிருப்பார். சொன்னால் என் தங்கையின் குடும்பம் என்னாகும் என்று அவருக்குத் தெரியும். சும்மா என்னைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். நீ பொய் எழுதினாய், சரி. நான் தெருவைத் தாண்டிப் போய் அவரை ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. பத்து அடி தூரம். அதில் உனக்குப் பங்கில்லை, அது முழுக்க என்னுடையது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வயதாகி மெலிந்துவிட்டார். தாழ்வான பெஞ்சு ஒன்றுதான் இருந்தது. எனக்கு உட்கார வரவில்லை. உள்ளேயிருந்து உயரமான நாற்காலி ஒன்றை இழுத்து வந்து போட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாதியிலேயே தடுத்து, "நடையில என்ன பேசினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க உள்ள படுத்திருந்தீங்களே" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் இருப்பது நீ எழுதிய காகிதம். நேரில் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதலாம் என்றுதான் இன்று உட்கார்ந்தேன். இரண்டு தாள் வீணானது. அது என்னிடம் இல்லை. இருக்கிறதை எழுதுகிறேன்.

மேடைக்கு இரண்டாவது ஷிஃப்ட் தொடங்குகிறார்கள். மதியம் இரண்டு மணி முதல். எழுத்தர் வேண்டும். மேலாளரிடம் உன் பெயரைச் சொன்னேன். கால் எப்படி என்று கேட்டார். என்னுடையதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்றேன். ஒத்துக்கொண்டார். உட்கார்ந்து செய்கிற வேலை, வாசலில் நிற்க வேண்டாம். 28ஆம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். தங்கையும் குழந்தையும் பள்ளிக்கூட லீவு விட்டதும் வரட்டும், அதுவரை நீ என் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்.

ஒரு நிபந்தனை. மேடைக்கு வருவதற்கு முன்னால் அந்த அம்மாவைப் போய்ப் பார். எனக்கு எழுதியதை அவரிடம் உன் வாயால் சொல். எதையும் குறைக்காதே. அதைச் செய்யாமல் இங்கே வராதே.

ஷிஃப்ட் மாறும்போது பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று இரண்டு கட்டம். ஐந்து நிமிட வேலை. பேச ஏதாவது இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் பேசலாம். இல்லாவிட்டால் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகலாம்.

நூல்


27 நவம்பர் 1960
பஸ் நிலையத்துக்கு எதிர் லாட்ஜ்

மச்சான்,

இந்தக் கடிதத்தை லாட்ஜ் ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன். உன் வீடு இங்க இருந்து ரெண்டு தெருதான். இன்னைக்கு அங்க வந்து படுக்க எனக்கு முகம் இல்லை.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா அங்கதான் போனேன். பெட்டி கையிலயே இருந்துது. அந்த அம்மா கதவைத் திறந்தாங்க. யாருன்னு சொல்லிக்க வேண்டியிருக்கலை. உள்ள வாங்கன்னு சொல்லலை. வாசல்லயே நின்னு சொன்னேன். வாளியில இருந்து கேலரியில இருந்த ஆள் வரைக்கும் சொன்னேன். ஆஸ்பத்திரியில அவர் இருந்தப்ப நான் பயந்ததையும், நீ போகலைன்னதும் எனக்கு நிம்மதியா இருந்ததையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைத் திறந்தாங்க, அதுக்கும் அந்த அம்மா திரும்பிப் பார்க்கலை.

முடிச்சதும் என் முட்டியைப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "அவர் உங்களைப் பத்தி ஒரு நாளும் தப்பாப் பேசலை. பேப்பர்ல உங்க போட்டோ வந்தா வெட்டி வெப்பார். இப்ப எனக்கு அவர் மேலதான் கோபமா வருது." கதவைச் சாத்திட்டாங்க. அறைஞ்சு சாத்தலை. மெதுவாத்தான்.

கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டு வந்துட்டேன். எங்கயும் உட்காரணும்னு தோணலை.

லாட்ஜ்ல பேர் எழுதச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். அந்த ஆள் அதைப் பார்த்துட்டு சாவியை எடுத்துக் குடுத்தான், ஒண்ணும் கேக்கலை. நல்லதாப் போச்சு.

நாளைக்கு ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வந்துடறேன். எடைச் சீட்டு எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவை எழுதிக் காட்டு, பார்த்துக்கறேன். பேனா அங்க இருக்கா, நான் கொண்டு வரணுமா?

பசி